கீறல் விழாத கார்!

செமஸ்டர் லீவு எப்படிப் போச்சு? எனக்கு... சொல்றேன், சொல்றேன்.

ரிசல்ட் வந்த மறுநாளே நான் ஈரோட்டுக்கு எஸ்கேப். தலைமறைவு வாழ்க்கைக்கு பெரியம்மா வீட்டை விட்டா வேற இடம் கிடையாது. அங்கே யாரும் ஜி.பி.ஏ. கேட்க மாட்டாங்க. 'சாப்டியா கண்ணு?' ஒண்ணுதான் கேள்வி. அதுக்கு மட்டும் நான் எப்பவும் சென்டம்!

ஆனா, சும்மா சோறு போடுவாங்களா? 'பரண்ல இருக்குற பித்தளை அண்டாவை இறக்கிக் குடு சாமி'னு ஏத்தி விட்டுட்டாங்க. அண்டாவுக்குப் பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி. திறந்தா... சாம்பல் கலர்ல பிளேஸ்டேஷன்! முதல் மாடல். ரெண்டு கன்ட்ரோலர், ஒரு மெமரி கார்டு, ஒரு சி.டி. பவுச். சிங்கப்பூர் மாமா 2000-ல அண்ணனுக்கு வாங்கிட்டு வந்தது. பெங்களூருல இருக்குற அண்ணனுக்கு போன் போட்டா, எதிர்முனையில அலறல். 'டேய் தம்பி, மெதுவா இறக்குடா! அப்படியே வெச்சா டிஸ்க் ஓடாது. தலைகீழா கவுத்து வை!'

விளையாடுறான்னுதான் நெனச்சேன். கவுத்து வெச்சா நெஜமாவே ஓடுச்சு பாஸ்! (லேசரைத் தாங்குற பிளாஸ்டிக் பாகம் தேஞ்சுபோன பழைய பிளேஸ்டேஷனுக்கு உலகம் பூரா இதுதான் வைத்தியமாம்.) பின்ரூம்ல இருந்த பழைய டப்பா டி.வி-யில ஒரு பெயர் மின்னுச்சு. கிரான் டூரிஸ்மோ. ஜப்பான்ல 1997 டிசம்பர் 23-ம் தேதி ரிலீஸ் ஆனது. நான் பிறக்குறதுக்குப் பல வருஷம் முன்னாடி!

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓட்டிட்டு, படுத்துக்கிட்டே இந்த கேமுக்கு அந்தக் காலத்துல விமர்சகர்கள் என்ன மார்க் போட்டாங்கன்னு தேடினேன். அங்கேதான் தூக்கம் போச்சு.

எங்கேயோ பார்த்த கிராஃப்!

பல பத்திரிகைகளோட மார்க்கையெல்லாம் சேர்த்து நூத்துக்கு இவ்வளவுன்னு ஒரு சராசரி சொல்ற மெட்டாகிரிட்டிக் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2001-ல ஆரம்பிச்சாங்க. பழைய கேம்களுக்கும் பழைய விமர்சனங்களைத் தேடி எடுத்து மார்க் கணக்குப் போட்டாங்க. அதுல கிரான் டூரிஸ்மோ வரிசையோட மார்க் ஷீட் இது: முதல் பாகம் 96. இரண்டாவது 93. மூன்றாவது 95. நான்காவது 89. ஐந்தாவது 84. ஆறாவது 81. அடுத்து வந்த 'ஸ்போர்ட்' 75.

என்னோட மார்க் ஷீட்டையும் சொல்லிடறேன். முதல் செம் 8.6. அப்புறம் 8.4, 7.9, 7.3. இப்ப வந்த அஞ்சாவது செம் 6.8.

ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க மாதிரியே இருக்கும். மொத்த சராசரி இன்னும் 7.8-ல நிக்குது. ஆனா, பிளேஸ்மென்ட்டுக்கு வர்ற சில கம்பெனிங்க 7.5 இருந்தாத்தான் உள்ளேயே விடுறாங்க. இதே வேகத்துல சறுக்கினா, அடுத்த செம்ல மயிரிழையில தப்பிப்பேன். அதுக்கடுத்த செம்ல கேட்டுக்கு வெளியே!

ரிசல்ட்டைப் பார்த்த அப்பா திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'மொத மார்க்குக்கும் இந்த மார்க்குக்கும் நடுவுல என்னடா ஆச்சு?' எனக்குப் பதில் தெரியல. சரி, அதே கேள்வியை முதல்ல கிரான் டூரிஸ்மோகிட்ட கேட்டுப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன்.

96 எப்படி வந்துச்சு?

அதுக்கு முன்னாடி டி.வி-யில கார் ரேஸ்னா என்ன? 'ரிட்ஜ் ரேசர்' மாதிரி ஆர்கேட் ரகம். கண்ணை மூடிட்டு ஆக்சிலேட்டரை அமுக்கு, வளைவுல சர்ருனு சறுக்கு, ஜெயி. ஜாலிதான். ஆனா, எந்த கார் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே கார். பெயின்ட்தான் வேற.

கஸுனோரி யமவுச்சினு ஒருத்தர். சோனிக்காக 'மோட்டார் டூன் கிராண்ட் பிரீ'னு பொம்மை கார் ரேஸ் கேம் பண்ணிட்டிருந்தவர். நிஜ காரை நிஜமா ஓட்டுற மாதிரி ஒரு கேம் பண்ணணும்னு அஞ்சு வருஷம் உட்கார்ந்தார். அந்த நாட்கள்ல வருஷத்துக்கு நாலு நாள்தான் வீட்டுல இருந்திருப்பேன்னு பின்னாடி ஒரு பேட்டியில சொல்லியிருக்கார். (ஹாஸ்டல் பசங்களே தோத்துட்டோம்!)

கையில இருந்த மெஷின் என்ன தெரியுமா? சுமார் 34 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 2 எம்.பி. மெமரி. நீங்க இன்னிக்கு போன்ல எடுக்குற ஒரு போட்டோவே பெரும்பாலும் அதைவிடப் பெருசு! அதுக்குள்ள சுமார் 140 கார், 11 டிராக். அத்தனையும் நிஜ கம்பெனி கார்கள். நிசான், ஹோண்டா, டொயோட்டா, மிட்சுபிஷி, ஆஸ்டன் மார்ட்டின்...

முக்கியமான சமாச்சாரம், ஒவ்வொரு காரும் ஒவ்வொரு குணம். மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் காதைக் கொடுங்க. பிரேக் அடிச்சா வண்டியோட எடை முன் சக்கரத்துக்குத் தாவும். முன்சக்கரத்துல இன்ஜின் இழுக்குற காரை வளைவுல ஓவர் ஸ்பீடுல விட்டா, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் நேராவே போய் முட்டும். பின்சக்கரத்துல தள்ளுற காருக்கு அவசரப்பட்டு ஆக்சிலேட்டர் குடுத்தா, வால் பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். இதையெல்லாம் கன்ட்ரோலர் பிடிச்ச பசங்க, சிலபஸே இல்லாம, விழுந்து விழுந்து கத்துக்கிட்டாங்க.

அது மட்டுமா? கையில 10,000 கிரெடிட்டைக் குடுத்து, செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிக்கோனு அனுப்பிடுவாங்க. ரேஸ் ஜெயிச்சு, காசு சேர்த்து, சைலன்சர்ல இருந்து டர்போ வரைக்கும் ஒவ்வொண்ணா மாத்தணும். பெரிய ரேஸுக்கு லைசென்ஸ் கட்டாயம். பி, ஏ, இன்டர்நேஷனல் ஏ-னு மூணு. ஒவ்வொண்ணுலயும் எட்டு டெஸ்ட். ரேஸ் முடிஞ்சதும் டி.வி. கேமரா ஸ்டைல்ல ரீப்ளே. கார் பாடியில வெளிச்சம் வழுக்கிட்டுப் போகும். அதைப் பார்த்தே நிறைய பேர் வாயைப் பிளந்தாங்க.

இங்கிலாந்தோட 'எட்ஜ்' பத்திரிகை மார்க் விஷயத்துல மகா கஞ்சம். 1993-ல ஆரம்பிச்சதுல இருந்து 'சூப்பர் மரியோ 64'-க்கு மட்டும்தான் பத்துக்குப் பத்து குடுத்திருந்தாங்க. ரெண்டாவதா குடுத்தது கிரான் டூரிஸ்மோவுக்கு! கடையிலயும் ஒரு கோடியே எட்டு லட்சத்துக்கு மேல வித்து, முதல் பிளேஸ்டேஷன்லயே அதிகம் வித்த கேம்னு பேரு எடுத்துச்சு.

மார்க் குறைக்காத தப்பு

இப்பத்தான் மேட்டருக்கு வர்றோம். இந்த 96-ல தப்பே இல்லையா? இருந்துச்சு பாஸ். அதுவும் ஊரே பார்க்குற மாதிரி ரெண்டு தப்பு.

ஒண்ணு, 200 கிலோமீட்டர் வேகத்துல சுவத்துல மோதினாலும் காருக்கு ஒரு கீறல் விழாது. 'டொக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான், கெளம்பிட்டே இருக்கலாம். விவரமான ஆளுங்க வளைவுல பிரேக்கே போடாம, சுவத்துலயோ பக்கத்து கார்லயோ தேய்ச்சுக்கிட்டே திரும்பிடுவாங்க. ரெண்டு, கம்ப்யூட்டர் ஓட்டுற எதிரி கார்கள் தண்டவாளத்துல போற ரயில் மாதிரி ஒரே கோட்டுல போகும். நீங்க குறுக்கே நின்னா, ஹாரன்கூட அடிக்காம இடிச்சுட்டுப் போகும்!

விமர்சகர்கள் இதைப் பார்க்காம இல்ல. பார்த்தாங்க, எழுதினாங்க, ஆனா மார்க்ல கை வைக்கல. ஏன்? இப்படி ஒரு சாப்பாட்டை வீட்டு டி.வி-யில யாரும் அதுவரைக்கும் பரிமாறினதில்ல. முதல் தடவை பிரியாணி சாப்பிடுறவன் தயிர்ப் பச்சடி புளிக்குதுன்னா குறை சொல்லப் போறான்? கார் கம்பெனிங்க தங்களோட வண்டி நொறுங்குறதைக் காட்ட விரும்ப மாட்டாங்கன்னு ஒரு காரணமும் பரவலாப் பேசினாங்க. எல்லாரும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் இறங்குமுகம்

1999-ல ரெண்டாவது பாகம். சுமார் 650 கார், ரெண்டு டிஸ்க்! ஆனா அவசரம். அமெரிக்காவுல முதல்ல வந்த டிஸ்க்ல, என்னதான் தலைகீழா நின்னாலும் 98.2 சதவிகிதத்துக்கு மேல கேமை முடிக்க முடியாது. கடைசி நேரத்துல டிராக் ரேஸைத் தூக்கிட்டாங்க. ஆனா அதுக்கான மார்க்கைக் கணக்குல இருந்து தூக்க மறந்துட்டாங்க. சிலபஸ்ல இல்லாத கேள்விக்கு அரியர் வெச்ச கதை! அப்பவும் 93.

2001-ல பிளேஸ்டேஷன் 2-ல மூன்றாவது. கார்கள் எண்ணிக்கை இருநூறுக்கும் கீழே இறங்கிடுச்சு. ஆனா படம் பளபளன்னு மின்ன, 95. நான்காவது, 2004 கடைசியில. எழுநூறுக்கும் மேல கார், ஜெர்மனியோட கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர் நர்பர்க்ரிங் டிராக். பேச்சு அடிபட்ட ஆன்லைன் ரேஸ் மட்டும் வரல. மோதினா கீறலும் வரல. எதிரி கார்கள் அதே ரயில். மார்க் 89.

2005-ல எக்ஸ்பாக்ஸ்ல 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' வந்துச்சு. அதுலயும் நிஜ கம்பெனி கார்கள்தான். மோதினா நசுங்கும். அதுக்கு 92. முடிஞ்சுது! 'முடியாது'னு நெனச்சுக்கிட்டிருந்த விஷயத்தைப் பக்கத்து பெஞ்ச் பையன் பண்ணிக் காட்டிட்டான். இனிமே பழைய சாக்கு செல்லுமா?

ஐந்தாவது 2010 நவம்பர்ல வந்துச்சு. ஆயிரத்துக்கும் மேல கார்னு பில்டப். ஆனா சுமார் இருநூறுதான் புதுசா இழைச்சது. மிச்சம் எண்ணூறும் பழைய பாகத்துல இருந்து தூசி தட்டி எடுத்தது. (சீனியர் ரெக்கார்டைக் காப்பி அடிச்சு அட்டையை மட்டும் மாத்தினவங்க கை தூக்குங்க. நானும் தூக்கிட்டேன்.) கடைசியில டேமேஜும் வந்துச்சு. ஆனா ஒப்புக்குச் சப்பாணியா இருக்குன்னாங்க. 84. 2013-ல ஆறாவது. அப்பவும் அதே பழைய கார்கள். இன்ஜின் சத்தம் வேக்குவம் கிளீனர் மாதிரி இருக்குன்னு கலாய்ச்சுத் தள்ளிட்டாங்க. 81. 2017-ல 'ஸ்போர்ட்'. ஆன்லைன் ரேஸ்ல கவனம் வெச்சு, தனியா ஆடுறவனுக்குப் படிப்படியா வளர்ற அந்தப் பழைய பயணத்தையே விட்டுட்டாங்க. 75.

இப்பப் புரியுதா? 75-க்கு மார்க் குறைச்ச பல காரணங்கள் 96-லயும் இருந்துச்சு. தப்பு அப்படியேதான் இருக்கு. அதை மன்னிக்கிறதுக்கு இருந்த காரணம்தான் காணாமப் போச்சு.

விமர்சகர்கள் மட்டும் யோக்கியமா?

உடனே மார்க்குதான் வேதம்னு முடிவு பண்ணிடாதீங்க. மார்க் எதைப் பார்க்கலன்னும் பார்க்கணும்ல?

2007-ல நிசான் தன்னோட புது ஜி.டி.ஆர். காரை அறிமுகப்படுத்துச்சு. உள்ளே ஓட்டுநருக்குத் தகவல் காட்டுற திரையை வடிவமைச்சது யாரு? யமவுச்சியோட பாலிஃபோனி டிஜிட்டல். கேம் பண்றவங்களைக் கூப்பிட்டு நிஜ காருக்கு டிசைன் பண்ணச் சொல்லிட்டாங்க! 2008-ல நிசானும் சோனியும் சேர்ந்து 'ஜி.டி. அகாடமி' ஆரம்பிச்சாங்க. வீட்டுல கேம்ல வேகமா ஓட்டுறவனைத் தேர்ந்தெடுத்து நிஜ ரேஸ் காருல உட்கார வைக்கிற போட்டி. 2011-ல அதுல ஜெயிச்ச இங்கிலாந்துப் பையன் யான் மார்டன்பரோ, 2013-ல லெ மான் 24 மணி நேர ரேஸ்ல தன் பிரிவுல மூணாவது இடம் பிடிச்ச டீம்ல ஒருத்தர். 2023-ல வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் அவரோட கதைதான். இதையெல்லாம் எந்த மார்க் ஷீட்ல சேர்ப்பீங்க?

75 வாங்கின 'ஸ்போர்ட்' கதையும் கேளுங்க. ரிலீஸாகி ரெண்டே மாசத்துல, எல்லாரும் கேட்ட தனி ஆட்டத்தை இலவசமா சேர்த்தாங்க. கார்கள் முந்நூறைத் தாண்டுச்சு. ஆனா மார்க்? இன்னிக்கும் 75தான். முதல் நாள் பரீட்சை எழுதினதோட சரி, ரீவேல்யூவேஷன் கிடையாது.

ரயில் மாதிரி ஓட்டுதுன்னு சொன்னாங்களே, அந்த கம்ப்யூட்டர் எதிரிகள்? 2022-ல சோனி ஏ.ஐ. பிரிவு 'ஜி.டி. சோஃபி'னு ஒண்ணைப் பண்ணி, உலகத்தோட டாப் பிளேயர்களையே தோற்கடிச்சு, 'நேச்சர்' அறிவியல் இதழ்ல கட்டுரையா வெளியிட்டாங்க. யாரும் ரூட் போட்டுக் குடுக்கல. தானே ஓட்டி, தானே முட்டி, தானே கத்துக்கிட்டது. குறை சொன்னது 1997-ல. பதில் வர்றதுக்கு இருபத்தஞ்சு வருஷம் பிடிச்சுது.

ஏழாவதுல எழுந்தான்... விழுந்தான்!

2022 மார்ச்ல ஏழாவது பாகம். செகண்ட் ஹேண்ட் கார் கடை, லைசென்ஸ், ஒவ்வொரு காராச் சேர்க்குற பழைய சுகம் எல்லாம் திரும்பி வந்துச்சு. மார்க் 87! 'அப்பாடா'னு உட்கார்றதுக்குள்ள, ரெண்டே வாரத்துல ஒரு அப்டேட். சர்வர் முப்பது மணி நேரத்துக்கு மேல படுத்துடுச்சு. எப்பவும் ஆன்லைன்ல இருந்தாத்தான் முக்கால்வாசி கேம் ஓடும்கிறதால, காசு போட்டு வாங்கினவன் வெறும் திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தான். திரும்பி வந்து பார்த்தா, பல ரேஸ்கள்ல கிடைக்குற பரிசுப் பணத்தைக் குறைச்சிருந்தாங்க. நிஜப் பணம் குடுத்து கிரெடிட் வாங்குற கடை மட்டும் திறந்தே இருந்துச்சு!

ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க. அதே மெட்டாகிரிட்டிக்ல, ரசிகர்கள் போடுற மார்க் பத்துக்கு ரெண்டு பக்கம் விழுந்துச்சு. விமர்சகர்கள் 87, வாங்கினவங்க 2! யமவுச்சி மன்னிப்புக் கேட்டு, ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் குடுத்து, பரிசுப் பணத்தையும் ஏத்தினார். ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஒருத்தர் ரிலீஸுக்கு முன்னாடி மார்க் போட்டார். இன்னொருத்தர் அதோட குடித்தனம் நடத்திட்டு மார்க் போட்டார்.

அப்பாவுக்குப் பதில்

எல்லாம் சரி, என் கதைக்கு வர்றேன். முதல் செம்ல நான் எப்படிப் படிச்சேன்? பரீட்சைக்கு முந்தின ராத்திரி. ஸ்கூல்ல படிச்சதே பாதிக்கு மேல கை குடுத்துச்சு, 8.6 வந்துச்சு. சுவத்துல மோதினேன், கீறல் விழல. 'டொக்'னு ஒரு சத்தம்கூடக் கேட்கல. அடுத்த செமும் அதே முந்தின ராத்திரி. லேப்ல பக்கத்து பெஞ்சை உரசிக்கிட்டே வளைவு திரும்பினேன். நடுவுல எனக்கு எதுவும் ஆகல. அதுதான் பிரச்னையே. நான் மாறவே இல்ல. சப்ஜெக்ட் மட்டும் மாறிக்கிட்டே போயிடுச்சு.

இந்த ஞானோதயத்தை அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். உருகிடுவான்னு பார்த்தா, சிரிக்கிறான். 'ரொம்ப ஃபீல் ஆகாதடா. கார் உடையாததாலதான நானெல்லாம் ஒரே வளைவை நூறு தடவை ஓட்டினேன்? ஒரு தடவை இடிச்சதும் நொறுங்கியிருந்தா, மூடி வெச்சுட்டு கிரிக்கெட் விளையாடப் போயிருப்பேன். கீறல் விழலைங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. சுவத்துல தேய்ச்சுக்கிட்டே போகலாம். திரும்ப முதல்ல இருந்தும் ஓட்டலாம்.'

மெமரி கார்டுல அவனோட பழைய கேம் அப்படியே இருந்துச்சு. பி லைசென்ஸ் முழுசும் தங்கம். ஏ லைசென்ஸ் வெள்ளி. இன்டர்நேஷனல் ஏ மட்டும் பாதியில நிக்குது. 'பிளஸ் டூ வந்துடுச்சு, பெட்டியைக் கட்டிட்டாங்க'ன்னான். அவன் விட்ட டெஸ்ட்ல நான் உட்கார்ந்தேன். சுவத்தைத் தொட்டா ஃபெயில்னு எனக்கு நானே ரூல் போட்டுக்கிட்டேன். முப்பத்தோராவது தடவை, வெண்கலம். வெறும் வெண்கலம்தான். ஆனா எங்கே பிரேக் போடணும்னு இப்ப எனக்குத் தெரியும்.

ஊருக்குத் திரும்பினதும் அப்பாகிட்ட சொன்னேன். 'நடுவுல ஒண்ணும் ஆகலப்பா. மொத மார்க்தான் கொஞ்சம் ஓசி.' ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். 'செரி, அடுத்தது உன்னுதா இருக்கட்டும்'னுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

ஆறாவது செம் திங்கக்கிழமை ஆரம்பம். சராசரி 7.8. கட் ஆஃப் 7.5. அண்டாவை இறக்கிக் குடுத்தாச்சு, பிளேஸ்டேஷனைத் திரும்பப் பரண்ல ஏத்தியாச்சு (தலைகீழாத்தான்!). உங்க மார்க் ஷீட்ல எந்த மார்க் ஓசின்னு நீங்களும் ஒரு தடவை தனியா உட்கார்ந்து பாருங்க. யாருகிட்டயும் காட்ட வேணாம்.

வர்ட்டா? அடுத்த வாரம் பார்ப்போம்!